ஒன்பதாவது ஆளா ஏன்? பிளெமிங்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி

1. நேத்து சேப்பாக்கத்துல கொல்கத்தாகிட்ட சிஎஸ்கே 20 ஓவர்ல 103-க்கு 9. அவங்க அதை 10.1 ஓவர்ல அடிச்சுட்டு பஸ் ஏறிட்டாங்க. இந்த சீசன்ல தொடர்ந்து 5-வது தோல்வி. சொந்த மைதானத்துல வரிசையா 3-வது. சிஎஸ்கே வரலாற்றுலயே இப்படி நடந்ததில்ல.

2. தோத்ததுக்காகப் புலம்ப இந்த இழை இல்லங்க. ஆட்டம்னா தோல்வி இருக்கும். நான் பேசப் போறது ஆட்டத்துக்கு நடுவுல கோச் ஸ்டீபன் பிளெமிங் தரப்பு எடுத்த சில முடிவுகளைப் பத்தி. ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு, ஒண்ணுக்கு இன்னும் யாரும் பொறுப்பு எடுத்துக்கல. கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

3. என் வாதத்தை முதல்லயே சொல்லிடறேன். மார்ச் 28 அன்னிக்கு ஆர்சிபி மேட்ச்ல அஸ்வினுக்கு அப்புறம், 9-வது ஆளா தோனி இறங்குனது தப்பான முடிவு. தோத்ததால தப்புன்னு சொல்லல. அன்னிக்கு ஜெயிச்சிருந்தாலும் தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு, அது யாரோட முடிவுன்னு தெளிவா ஒருத்தரும் சொல்லாதது.

4. "நீ டாக்டர்தானே, உனக்கு எதுக்கு கிரிக்கெட்?" சரி, அதுக்கும் பதில் இருக்கு. நான் அரசு ஆஸ்பத்திரியில எம்பிபிஎஸ் டாக்டர். எங்க வேலையில பாதி நேரம், அரைகுறைத் தகவலை வெச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷத்துல முடிவெடுக்கறதுதான். மீதி நேரம், எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதி வைக்கறது. அதனால முடிவை எப்படிக் கேள்வி கேட்கணும்னு கொஞ்சம் தெரியும்.

5. தமிழ்நாட்டுல ஒரு பிரசவ மரணம் நடந்தா, "விதி"ன்னு சொல்லி ஃபைலை மூட முடியாது. எத்தனை மணிக்கு வந்தாங்க, யார் பார்த்தாங்க, என்ன கொடுத்தாங்க, ரத்தம் எப்போ வந்துச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏன் அப்போ அனுப்பல, எல்லாத்தையும் தணிக்கை பண்ணுவாங்க. மாவட்ட கலெக்டர் முன்னாடி வரைக்கும் போகும். யாரையும் தூக்குல போடறதுக்கு இல்ல. அடுத்து வர்ற தாய் பிழைக்கணும்னுதான்.

6. அந்தத் தணிக்கையோட சாரம் மூணே கேள்வி. ஒண்ணு, அந்த நேரத்துல கையில என்ன தகவல் இருந்துச்சு? ரெண்டு, வேற என்ன வழி இருந்துச்சு? மூணு, முடிவெடுத்தது யார், கூட இருக்கறவங்களுக்கு அது தெரியுமா? நோயாளி பிழைச்சாரா இல்லையாங்கிறது இந்த மூணுலயும் கிடையாது. நல்ல முடிவுக்கு அப்புறமும் சாவு வரும். மோசமான முடிவுக்கு அப்புறமும் ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

7. இதே அளவுகோலை இப்போ பிளெமிங்கிட்ட வைப்போம். முதல்ல அவர் பக்கம் நிக்கற கேஸ். ஏப்ரல் 8, முல்லன்பூர். பஞ்சாப் 219. பிரியான்ஷ் ஆர்யா 42 பந்துல 103. சிஎஸ்கேக்கு 13 பந்துல 49 வேணும்ங்கிறப்போ, 49 பந்துல 69 அடிச்சு நின்ன கான்வேயை 'ரிட்டயர்ட் அவுட்' பண்ணி வெளிய கூப்பிட்டு ஜடேஜாவை உள்ள விட்டாங்க. 18 ரன்னுல தோல்வி.

8. உடனே எல்லாரும் குதிச்சாங்க. "69 அடிச்சவனை வெளிய கூப்பிடுவாங்களாய்யா?" கூப்பிடலாம். அந்த நேரத்துல தேவை ஓவருக்கு 22-க்கு மேல. கான்வே நேரம் எடுத்து ஆடி இன்னிங்ஸைக் கட்டுற ஆள், பந்து அவர் பேட்ல சரியாப் படவும் இல்ல. உள்ள உட்கார்ந்திருக்கறது ஜடேஜா. தகவல் இருந்துச்சு, வழி இருந்துச்சு, எடுத்தாங்க. பலிக்கல. என் தணிக்கையில இது பாஸ். வேணும்னா "ரெண்டு ஓவர் முன்னாடியே பண்ணியிருக்கலாம்"னு ஓரத்துல ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான்.

9. இந்த ரிட்டயர்ட் அவுட்டை ஐபிஎல்-ல முதல்ல செஞ்சவர் யாரு? நம்ம அஸ்வின். 2022 ஏப்ரல் 10, ராஜஸ்தானுக்கு ஆடும்போது லக்னோவுக்கு எதிரா. அந்த மேட்ச்ல ராஜஸ்தான் 3 ரன்னுல ஜெயிச்சுச்சு. உடனே அதுக்கு "மாஸ்டர் மைண்ட்"னு பேரு. கான்வே மேட்ச் தோத்ததும் "கோமாளித்தனம்"னு பேரு. செஞ்சது ஒண்ணுதாங்க. ஸ்கோர்போர்டு மட்டும்தான் வேற.

10. இப்போ தப்புன்னு நான் சொல்ற கேஸ். மார்ச் 28, சேப்பாக்கம். ஆர்சிபி 196. நாம 26-க்கு 3. ரச்சினும் துபேயும் 13-வது ஓவர்ல அடுத்தடுத்து போனதும் 80-க்கு 6. ஜடேஜா ஒரு முனையில. இன்னும் 7 ஓவர் சொச்சம். தேவை 117, அதாவது ஓவருக்கு ஏறத்தாழ 16. பெவிலியன்ல உட்கார்ந்திருக்கறது ரெண்டு பேர்: தோனி, அஸ்வின். இறங்கினது அஸ்வின்.

11. அஸ்வினைத் திட்டாதீங்க. அவர் 8 பந்துல 11 அடிச்சார். அவர் வேலையை அவர் செஞ்சார். அனுப்புனா போகத்தான் வேணும். 99-க்கு 7 ஆனதும் தோனி வந்தார். 16 பந்துல 30, நாட் அவுட். கடைசி ஓவர்ல குர்ணால் பாண்டியாவை ரெண்டு சிக்ஸ். அரங்கமே எழுந்து ஆடுச்சு. ஸ்கோர் 146-க்கு 8, 50 ரன் தோல்வி. 2008-க்கு அப்புறம் ஆர்சிபி சேப்பாக்கத்துல ஜெயிச்ச முதல் மேட்ச் அதுதான்.

12. ரெண்டு நாள் கழிச்சு குவாஹாத்தியில ராஜஸ்தான்கிட்ட 6 ரன்னுல தோத்தப்போ பிளெமிங்கிட்ட இதைக் கேட்டாங்க. அவர் சொன்னதோட சாரம் இது: தோனியோட உடம்பு, முழங்கால் பழைய மாதிரி இல்ல. 10 ஓவர் முழு வேகத்துல ஓடி ஆட முடியாது. 13, 14 ஓவருக்கு மேல, யார் களத்துல இருக்காங்கன்னு பார்த்து இறங்குவார். அன்னன்னிக்கு எவ்வளவு முடியும்னு அவரேதான் கணிக்கறார்.

13. முழங்கால்னு வந்துட்டதால ஒரு நிமிஷம் என் ஏரியா. நான் எலும்பு டாக்டர் இல்ல, அடிப்படையை மட்டும் சொல்றேன். இந்த 2025 சீசன்ல அவருக்கு வயசு 43. 2023 ஐபிஎல் முடிஞ்ச கையோட முழங்கால்ல அறுவை சிகிச்சை. அப்படிப்பட்ட காலோட வேகமா ஓடி, சடார்னு நின்னு, திரும்பி மறுபடி ரெண்டாவது ரன்னுக்குப் பாயறது உண்மையிலேயே கஷ்டம். மூட்டு ஒரு திருகு திருகும். அதனால முழங்கால் காரணத்தை நான் சாக்குன்னு சொல்ல மாட்டேன். நியாயமான காரணம்.

14. அதுக்கு ஆதாரமும் இருக்கு. ஏப்ரல் 5, டெல்லி மேட்ச். இலக்கு 184. 74-க்கு 5 ஆனப்போ 11-வது ஓவர்ல தோனி இறங்கினார். 26 பந்துல 30. எதிர்ல விஜய் சங்கர் 54 பந்துல 69. கையில 5 விக்கெட்டை வெச்சுக்கிட்டே 25 ரன்னுல தோத்தோம். ஆக, "தலயை 4-வது அனுப்புங்க, 5-வது அனுப்புங்க"ன்னு கத்தறவங்களுக்கு அந்த மேட்ச்தான் பதில். நீண்ட நேரம் நின்னு ஆடுறது இப்போ அவர் வேலை இல்ல. பிளெமிங் சொன்னது சரி.

15. ஆனா இங்கதான் இடிக்குது. பிளெமிங் சொன்ன விதியையே எடுத்துக்கோங்க. 13, 14 ஓவருக்கு மேல தோனி. ஆர்சிபி மேட்ச்ல 6-வது விக்கெட் விழுந்தது எப்போ? 13-வது ஓவர்ல. மிச்சம் 10 ஓவர் இல்ல, 7 ஓவர் சொச்சம். அதாவது அவர் வகுத்த கதவு அப்பதான் திறக்குது. திறந்த கதவு வழியா அஸ்வினை அனுப்பிட்டு, "கதவு சின்னது"ன்னு ரெண்டு நாள் கழிச்சு விளக்கம் சொன்னா எப்படிங்க?

16. இன்னொண்ணு. அதே முழங்காலோட அன்னிக்கு 20 ஓவர் கீப்பிங் பண்ணியிருக்கார். 120 பந்துக்குக் குந்தி எழுந்திருக்கணும். ஆழமாக் குந்தும்போது முழங்கால் சில்லுக்கு அடியில விழற அழுத்தம் உடம்பு எடையைப் போல பல மடங்கு. அவ்வளவையும் தாங்கிட்டு நூர் அகமது பந்துல சால்ட்டை கண்மூடித் திறக்கறதுக்குள்ள ஸ்டம்பிங் பண்ணார். அந்தக் காலால 14-வது ஓவர்லேர்ந்து ஆட முடியாது, 16-வது ஓவர்லேர்ந்து முடியும்னா, அந்த ரெண்டு ஓவர் கணக்கை எனக்கு யாராவது விளக்குங்க.

17. "எப்படியும் தோக்கற மேட்ச்தானே, யார் போனா என்ன?" இதுதான் எனக்கு வந்த பதில்கள்லயே ரொம்ப மோசமானது. ராத்திரி டூட்டியில ஒரு நோயாளி சரியறார்னா சீனியரை எப்போ கூப்பிடுவோம்? சரியும்போதே கூப்பிடுவோம். எல்லாம் முடிஞ்சப்புறம் கூப்பிட்டா அவர் வந்து என்ன செய்வார்? 43 பந்து சொச்சம் இருக்கும்போது பத்துல ஒரு வாய்ப்பு கூட இல்லன்னே வைங்க. அந்தச் சின்ன வாய்ப்புக்கு உங்ககிட்ட இருக்கற சிறந்த ஆளை அனுப்பணும். ரன் ரேட்னு ஒண்ணு இருக்கே, அதுக்காகவாவது.

18. நேத்தும் அதே கதை. முதல் பேட்டிங், விக்கெட் கொட்டுது. அஸ்வின், ஜடேஜா, அப்புறம் இம்பாக்ட் பிளேயரா வந்த தீபக் ஹூடா. அதுக்கும் பின்னாடி தோனி, மறுபடி 9-வது. 4 பந்துல 1 ரன். "பாத்தியா, சீக்கிரம் வந்திருந்தாலும் இதேதான்"னு சொல்லாதீங்க. விளைவை வெச்சு முடிவை அளக்க மாட்டேன்னு கான்வே விஷயத்துல நான் பிளெமிங்குக்கு வக்காலத்து வாங்கினேன்ல? அதே நியாயம் இங்கயும். அவர் 40 அடிச்சிருந்தாலும் என் கேள்வி இதேதான்.

19. நேத்து ருதுராஜ் இல்ல. முழங்கையில எலும்பு முறிவு, சீசன் முடிஞ்சது. தோனியே கேப்டன். அப்போ 9-வது இடம் யார் முடிவு? கேப்டனா? கோச்சா? அந்த வீரரேவா? பிளெமிங் சொல்றபடி பார்த்தா அவரே கணிக்கறார். தன்னால எவ்வளவு முடியும்னு வீரர் சொல்லலாம், சொல்லணும். ஆனா அதைக் கேட்டுட்டு டீமுக்கு எது தேவைன்னு முடிவெடுக்கறதுக்குத்தானே கோச்?

20. என் நோயாளி "எனக்கு வலி இப்படி இருக்கு, இவ்வளவுதான் நடக்க முடியும்"னு சொன்னா, அதை நான் மதிக்கணும். ஆனா கேஸ் ஷீட்ல "நோயாளியே பார்த்துக்கொள்வார்"னு எழுதிட்டு அடுத்த வார்டுக்குப் போக முடியுமா? என் கையெழுத்து, தேதி, நேரம் மூணும் அதுல இருக்கணும். நாளைக்கு எவனாவது கேட்டா, போட்டது நான், காரணம் இதுன்னு சொல்ல ஆள் வேணும். கையெழுத்து இல்லாத முடிவு ஆபத்தானது. தப்பாப் போனா திருத்தக்கூட ஆள் இருக்காது.

21. எப்படிப் பொறுப்பெடுக்கணும்னு ஒரு உதாரணம் இந்த மாசமே நடந்துச்சு. ஏப்ரல் 4, லக்னோ. மும்பைக்கு 7 பந்துல 24 வேணும். 23 பந்துல 25 அடிச்சுத் தடுமாறிக்கிட்டிருந்த திலக் வர்மாவை வெளிய கூப்பிட்டு சான்ட்னரை அனுப்புனாங்க. 12 ரன்னுல தோல்வி. சூர்யகுமார் முகத்துல அதிர்ச்சியை டிவியில எல்லாரும் பார்த்தோம். ஊரே கழுவி ஊத்துச்சு.

22. அன்னிக்கு மும்பை கோச் மஹேல ஜெயவர்தனே என்ன செஞ்சார்? பத்திரிகையாளர்கள் முன்னாடி உட்கார்ந்து, அது தன் முடிவுதான்னு சொன்னார். திலக்குக்கு அடிக்க வரல, கடைசி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன், புது ஆள் வந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன்னு காரணமும் சொன்னார். அந்த முடிவு எனக்குப் பிடிக்கல. சான்ட்னர் திலக்கைவிட பெரிய அடி அடிக்கிறவர்னு நான் நம்பல. ஆனா அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டார். அடி முழுக்க தன் தலையில வாங்கினார், 22 வயசுப் பையன் தலையில விழ விடல. கோச்சுன்னா அது.

23. இங்க என்ன நடந்துச்சு? ஆர்சிபி மேட்ச் முடிஞ்சதும் ஒரு நிருபர் சிஎஸ்கே ஆடுற முறை பழசாயிடுச்சான்னு கேட்டார். பிளெமிங் கடுப்பாயிட்டார், அர்த்தமில்லாத கேள்வின்னு ஒதுக்கினார். அதுக்கு அப்புறம் 4 மேட்ச் போயாச்சு. அந்தக் கேள்விக்கு இப்போ அர்த்தம் இருக்கா இல்லையான்னு நேத்து பவர்பிளேயைப் பார்த்தவங்களே சொல்லட்டும்.

24. அடுத்தது இன்னும் மோசம். அஸ்வினோட யூடியூப் சேனல்ல, டெல்லி மேட்சுக்கு அப்புறம் ஒரு நிபுணர் டீம் தேர்வைப் பத்திக் கேள்வி கேட்டார். அஸ்வின், ஜடேஜா இருக்கும்போது நூர் அகமதும் எதுக்கு, ஒரு பேட்ஸ்மேன் கூடுதலா ஆடலாமேங்கிற மாதிரி. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, நூர் நல்லாத்தான் போடறார். ஆனா அது ஒரு நேர்மையான கிரிக்கெட் கேள்வி. விளைவு? இந்த சீசன் முழுக்க சிஎஸ்கே மேட்சுகளைப் பத்திப் பேச மாட்டோம்னு அந்த சேனலே அறிவிச்சுடுச்சு. தமிழ்ல விவரமா கிரிக்கெட் பேசுற ஒரு இடம், தமிழ்நாட்டு டீமைப் பத்தி மட்டும் வாயை மூடிக்கிச்சு.

25. நம்மளும் யோக்கியம் இல்ல. ஜடேஜா அவுட்டானா தோனி வருவார்னு கைதட்டற கூட்டம் நாம. 50 ரன்னுல தோத்த மேட்ச்ல ரெண்டு சிக்ஸுக்கு விசில் அடிச்சுட்டு "பைசா வசூல்"னு கிளம்புனவங்க நாம. கோச்சுக்கும் இது தெரியும். எந்த முடிவெடுத்தாலும் கடைசி ஓவர்ல ஒரு சிக்ஸ் விழுந்தா கேள்வி வராதுன்னு நாமளே பழக்கி வெச்சிருக்கோம். நோயாளி செத்துப்போன வார்டுல டாக்டர் ஸ்டைலாத் தையல் போட்டார்னு யாராவது கைதட்டுவாங்களா?

26. இன்னொரு கூட்டம் இருக்கு. அது நேரா ஹூடா வீட்டுப் பொம்பளைங்களைத் திட்டப் போகும், அஸ்வின் பிள்ளைங்களைப் பத்திப் பேசும். அதுக்குப் பேரு கேள்வி இல்ல. டாக்டர்ங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். "ஏன் டாக்டர் எங்கம்மாவுக்கு இந்த ஊசி போட்டீங்க?"ன்னு கேட்கறவருக்கு நான் நின்னு பதில் சொல்லக் கடமைப்பட்டவன், எத்தனை மணியானாலும். சட்டையைப் பிடிக்கிறவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டையும் ஒண்ணாக்குனீங்கன்னா, முதல் ஆளோட நியாயமும் சேர்ந்து செத்துடும்.

27. "பிளெமிங் யாரு தெரியுமா? 5 கப்பு!" தெரியும். 2010, 2011, 2018, 2021, 2023. 2009-லேர்ந்து கோச். ஐபிஎல்-ல அவரைவிட சாதிச்ச கோச் யாருன்னு கேட்டா எனக்கும் பேரு வராது. அதனாலதான் கேட்கறேன். ஒண்ணும் தெரியாத ஆள் எடுத்த முடிவுன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். இவ்வளவு தெரிஞ்ச ஆள் ஏன் இப்படிங்கிறதுதான் கேள்வி. பழைய கப்புங்க மரியாதை வாங்கித் தரும். அடுத்த கேள்விக்குப் பதிலாகாது.

28. "நீ எந்த லெவல்ல ஆடியிருக்க?" எதுலயும் இல்லண்ணே. ஆனா என்கிட்ட மருந்து பத்திக் கேட்கறவங்க யாரும் எம்பிபிஎஸ் படிச்சுட்டு வர்றதில்ல. கேள்வி கேட்கத் தகுதிச் சான்றிதழ் கேட்கறவன், பதில் இல்லாதவன். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான், ஆட்சியிலயும் அப்படித்தான், ஆட்டத்துலயும் அப்படித்தான்.

29. இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துது? இங்க திருநகர்ல சாயங்காலமானா பொடிப் பசங்க மஞ்ச சட்டை போட்டுக்கிட்டு ஆடுறானுங்க. முதுகுல 7. அவனுங்க தோனிகிட்டேர்ந்து பதட்டப்படாம இருக்கக் கத்துக்கட்டும், சந்தோஷம். ஆனா கூடவே "பெரியவங்க எடுத்த முடிவை ஏன்னு கேட்கக் கூடாது, கேட்டா துரோகி"ன்னும் நம்மகிட்டேர்ந்து கத்துக்கறானுங்க. இவனுங்கதான் நாளைக்கு ஹவுஸ் சர்ஜனா, இன்ஜினியரா வருவானுங்க. சீஃப் தப்பான டோஸ் எழுதும்போது "சார், ஒரு நிமிஷம்"னு சொல்ற வாய் அவனுக்கு வேணும். அந்த வாயை நாம இப்பவே தைக்கிறோம்.

30. ஆக என் கோரிக்கை மூணே மூணு. பிளெமிங்: தோனி எந்த ஓவருக்கு மேல இறங்குவார், கடைசி முடிவு யாருடையதுன்னு நேராச் சொல்லுங்க. சொன்ன விதியை நீங்களே பின்பற்றுங்க. மீறினா அன்னிக்கே காரணம் சொல்லுங்க. அவர் முழங்காலோட ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் கேட்கல, அது அவர் சொந்த விஷயம். உங்க திட்டத்தைத்தான் கேட்கறேன்.

31. நிருபர்கள்: "தலயோட ஃபினிஷிங் எப்படி?"ன்னு கேட்டது போதும். "80-க்கு 6-ல ஏன் அஸ்வின்?"னு பதில் வர்ற வரைக்கும் கேளுங்க. ரசிகர்கள்: கேளுங்க, திட்டாதீங்க. ஜெயிச்ச மேட்ச்லயும் கேளுங்க. திங்கள்கிழமை லக்னோவுல அடுத்த மேட்ச். ஒருவேளை தோனி வந்து நாலு அடி அடிச்சு ஜெயிச்சுக் கொடுத்தா நானும் விசில் அடிப்பேன், சத்தியமா. மார்ச் 28 கேள்வி அப்பவும் அப்படியேதான் நிக்கும்.

32. கமெண்ட்ல மாற்றுக்கருத்து இருந்தா ஓவர், ஸ்கோர், காரணத்தோட வாங்க, ராத்திரி டூட்டி முடிஞ்சு ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றேன். "ஆர்சிபி ஃபேனா நீ?"ன்னு மட்டும் கேட்கறவங்களுக்கு: இல்லப்பா. மஞ்சச் சட்டை என் வீட்டுலயும் கொடியிலதான் காயுது.